தலையாட்டுபவர்களை வைத்துக்கொண்டு வேலை வாங்குவது எப்படி

பதவி உயர்வு வந்த மறு வாரமே உங்கள் ஜோக்குகளுக்கு மவுசு கூடியிருக்கும். போன மாதம் யாரும் கண்டுகொள்ளாத அதே ஜோக்குக்கு இப்போது மேசையைத் தட்டிச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அதில் நஷ்டம் இல்லை. உங்கள் முடிவுகளுக்கும் இதே மாதிரி தலையாட்டுவார்களே, அங்கேதான் கவனம் வேண்டும். ஒரு பிரிவை நிர்வகித்த காலத்தில் நான் செய்ததைச் சொல்கிறேன்.

கூட்டத்தில் கடைசியாகப் பேசுங்கள். "நான் என்ன நினைக்கிறேன்னா" என்று நீங்கள் ஆரம்பித்தால் கூட்டம் அத்தோடு முடிந்தது. பதவியில் சின்னவரிடமிருந்து கேட்டுக்கொண்டு வாருங்கள். விஷயம் பெரிது என்றால், பேசுவதற்கு முன்பே ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் கருத்தை எழுதி வாங்கிவிடுங்கள்.

யார் ஜால்ரா என்று தெரிய வேண்டுமா? ஒரு விண்ணப்பப் படிவத்தை நான்கு பக்கமாக்கலாம் என்றேன். "அருமை சார், விவரம் முழுசா கிடைச்சிடும்" என்றார் ஒருவர். மறுநாள், ஒரே பக்கமாக்கிவிடலாமா என்று அவரிடமே கேட்டேன். "அதான் சார் நானும் நினைச்சேன்." முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை! இதுவும் ஒரு திறமைதான்.

இப்படிப்பட்டவரை எல்லார் முன்னாலும் மட்டம் தட்டாதீர்கள். வீட்டுக் கடனும் வேலை பயமும் பலரை இப்படி ஆக்கியிருக்கும். சொன்னதைச் செய்பவர்தானே, மறுக்கச் சொல்லுங்கள். "இந்தத் திட்டத்தில் வரக்கூடிய இடைஞ்சல் மூன்றை நாளைக்குள் எழுதிக் கொடுங்க" என்றேன். அதையும் சிரத்தையாகச் செய்தார், உருப்படியாகவும் இருந்தது.

தனியாக அறைக்கு வந்து உங்களைப் புகழ்ந்துவிட்டு, போகிற போக்கில் சக ஊழியரைப் பற்றி வத்தி வைப்பவர் வேறு ரகம். "சரி, அவரையும் கூப்பிட்டுப் பேசிடுவோமா?" என்று கேளுங்கள். அப்புறம் வரமாட்டார்.

இதெல்லாம் எதற்கு என்பவர்கள் 1977இல் ஸ்பெயினின் டெனரீஃப் தீவு விமான நிலைய ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்ததைப் படிக்க வேண்டும். எதிரே இருந்த விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று, மேலெழும்ப ஓடத் தொடங்கிவிட்ட விமானத்தின் உள்ளே இருந்த பொறியாளர் சந்தேகம் கேட்டார். விலகிவிட்டது என்று அனுபவம் மிக்க தலைமை விமானி அடித்துச் சொன்னார். அதற்கு மேல் யாரும் வற்புறுத்தவில்லை. ஆகவே, சந்தேகம் கேட்பவரை இரண்டாம் தடவையும் கேட்க விடுங்கள். எரிச்சல் வரத்தான் செய்யும், முகத்தில் காட்டாதீர்கள்.

வருடாந்திர மதிப்பீட்டின்போது ஒவ்வொரு பெயருக்கும் நேரே, "இவர் என்னை எப்போது மறுத்துப் பேசினார்?" என்று எனக்கு நானே கேட்டுக்கொள்வேன். பதில் வராவிட்டால், பதவி உயர்வுப் பரிந்துரை எழுதுமுன் இன்னொரு தடவை யோசிப்பேன். இதை எல்லாரிடமும் முன்கூட்டியே சொல்லியும் வைத்திருந்தேன். மதிப்பீட்டு மாதம் நெருங்க நெருங்க மறுப்புகள் கூடிக்கொண்டே போனது வேறு கதை.