காவல் கமராவில் கூத்து காட்டுவது எப்படி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஓர் ஊரில் கூத்து அரங்கேற்றம் என்றால், கூத்து ஆடுகிற களரியைச் சுற்றி நிற்கிற சனம் ஒரு பங்கு, இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் போனைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிற சனம் இன்னொரு பங்கு. யாராவது ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்து பேஸ்புக்கில் லைவ் போடுவார். அரை மணித்தியாலத்தில் கை சோர்ந்துவிடும். முன்னால் ஒருவர் எழும்பி நின்றால் ஆட்டம் மறைந்துவிடும். விடிய விடிய ஆடுகிற கூத்துக்கு அது காணாது.

நான் களுவாஞ்சிகுடிப் பக்கம் கடைகளுக்கும் வீடுகளுக்கும் பாதுகாப்புக் கமரா பூட்டுகிறவன். நெட்வேர்க் வயரில் படம் அனுப்புகிற அதே ஐ.பி. கமராக்களைக் களரியைச் சுற்றிக் கட்டி, ஒரு லப்டொப்பில் ஓ.பி.எஸ். என்ற இலவச மென்பொருளைப் போட்டு, கூத்து முழுவதையும் நேரலையாக அனுப்பலாம். வீடியோக் கமராக்களை வாடகைக்கு எடுக்கிற செலவோடு பார்த்தால் இதற்கு ஆவது கொஞ்சம்தான். பலர் முயன்றுவிட்டு, படம் சரியில்லை, விட்டு விட்டு வருகிறது என்று கைவிட்டிருக்கிறார்கள். அவர்கள் மல்லுக்கட்டியது ஓ.பி.எஸ்.ஸோடு. திருத்த வேண்டியது கமராவை.

கடையில் வாங்குகிற ஐ.பி. கமரா கள்ளனைப் பிடிப்பதற்கென்று அமைக்கப்பட்டது. பல நாள் பதிவு ஒரு ஹார்ட் டிஸ்க்கில் அடங்க வேண்டும் என்று படத்தை நெருக்கிச் சுருக்கும். இருட்டினால் நிறத்தை விட்டுவிட்டுக் கறுப்பு வெள்ளைக்குப் போகும். நிழலில் நிற்கிறவனின் முகமும் தெரிய வேண்டும் என்று வெளிச்சத்தைச் சமப்படுத்தும். காவலுக்கு இதெல்லாம் வேண்டும். கூத்துக்கு இவை எல்லாமே கேடு. ஆகவே களரிக்குப் போகுமுன், வீட்டில் இருந்தபடியே ஒவ்வொரு கமராவின் செற்றிங் பக்கத்தையும் பிரவுசரில் திறந்து மாற்றுங்கள்.

வீடியோ பகுதியில் படத்தைச் சுருக்கும் முறை எச்.265 என்று இருந்தால் எச்.264க்கு மாற்றுங்கள். ஓ.பி.எஸ். இரண்டையும் திறக்கும். ஆனால் நாலு கமராவை ஒன்றாகத் திறக்கும்போது பழைய லப்டொப் 265இல் திணறும். பக்கத்திலேயே 'பிளஸ்' அல்லது 'ஸ்மார்ட்' என்ற பெயரில் இன்னொரு சுருக்கும் வசதி இருக்கும், அதைக் கட்டாயம் நிறுத்துங்கள். அசைவு குறைந்த நேரத்தில் முழுப் படத்தை எப்போதாவது ஒரு தரம் மட்டும் அனுப்பி இடத்தை மிச்சம் பிடிக்கிற வேலை அது. படம் திறக்கப் பல செக்கன் எடுப்பதும், சாம்பல் நிறத்தில் குழம்பிக் கிடப்பதும் பெரும்பாலும் அதனால்தான். ஐ-பிரேம் இடைவெளி என்ற இடத்தில் 25 போடுங்கள். செக்கனுக்கு 25 பிரேம் ஓடுகிறபோது, செக்கனுக்கு ஒரு முழுப் படம் வரும். 1080பி அளவுக்கு 6 மெகாபிட், மாறாத வீதம் போதும்.

நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். சில கமராக்கள் 60 ஹேர்ட்ஸ் நாடுகளுக்கான செற்றிங்கோடு வருகின்றன. அப்படியே விட்டால் ரியூப் லைட்டுக்குக் கீழே படம் முழுக்கப் பட்டி பட்டியாக ஓடும். 50 ஹேர்ட்ஸ், 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று மாற்றினால் அது நின்றுவிடும். ஷட்டரைத் தானாக விட்டால் இருட்டில் அது நீண்டு, ஆடுகிற கால்கள் எல்லாம் புகை மாதிரித் தெரியும்.

இரவு பகல் மாற்றத்தைப் 'பகல்' என்று பூட்டிவிடுங்கள். அகச்சிவப்பு லைட்டை அணையுங்கள். அது எரிந்தால் பூச்சியும் சிலந்தியும் லென்ஸுக்கு முன்னால் வந்து கூடும். இரவிலும் நிறம் காட்டுகிற கமராக்களில் வெள்ளை லைட் ஒன்று இருக்கும், அதையும் அணையுங்கள். ஆடுகிறவரின் கண்ணில் அடிக்கும். வெளிச்சத்தைச் சமப்படுத்துகிற டபிள்யூ.டி.ஆர். வேண்டாம். வைற் பலன்ஸைக் கையால் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் சிவப்பு உடுப்போடு ஒருவர் கிட்ட வந்தவுடன் களரி முழுவதும் நிறம் மாறும்.

இனி எங்கே கட்டுவது? வட்டக்களரிக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. நடுவில் மத்தளத்தோடு, கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும், சுற்றி ஆட்டம், அதைச் சுற்றிச் சனம். எந்தப் பக்கம் கமரா வைத்தாலும் எதிர்ப்பக்கக் கமரா படத்துக்குள் விழும். அதை மறைக்க முயல வேண்டாம். சனத்தின் தலைக்கு மேலே, கமுகு மரத்தை நட்டு அதில் பத்து அடி உயரத்தில் கட்டுங்கள், கண் உறுத்தாது. மூன்று கமரா போதும், நாலு இருந்தால் வசதி. ஒன்று 2.8 மில்லிமீற்றர் லென்ஸ், களரி முழுவதையும் காட்ட. மற்றவை 6 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது, அல்லது 2.8இல் இருந்து 12 வரை மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் அகல லென்ஸில் வைத்தால் கட்டியகாரனின் வரவில் இருந்து கடைசி வரை ஒரு முகமும் தெரியாது. வெளிநாட்டில் இருக்கிற தாய் தேடுவது தன் பிள்ளையின் முகத்தைத்தானே. ஒரு கமரா கட்டாயம் கால்களைப் பார்க்கட்டும். தாளக்கட்டுக்கு விழுகிற அடி தெரியாவிட்டால் கூத்துப் பார்த்த மாதிரி இராது.

வைபை கமரா வேண்டாம். சனம் கூடினால் எல்லோர் போனும் அதே அலைவரிசையில் இரையும். வயர்தான் நம்பிக்கை. பி.ஓ.ஈ. சுவிட்ச் வாங்கினால் கரண்டும் படமும் ஒரே வயரில் போகும். ஒரு வயர் 100 மீற்றருக்கு மேல் போகக் கூடாது. செம்பு பூசிய அலுமினிய வயர் மலிவு, ஆனால் நீட்டுத் தூரத்தில் கரண்ட் விழுந்து கமரா அணைந்து அணைந்து எரியும். முழுச் செம்பு கேட்டு வாங்குங்கள். பாதையைக் கடக்கும் இடத்தில் வயரை மேலால் கொண்டுபோங்கள். மோட்டார் சைக்கிளும் மாடும் வருகிற ஊர்.

ஒவ்வொரு கமராவுக்கும் வேறு வேறு நிலையான ஐ.பி. எண் கொடுங்கள். வெளி இணையத்துக்குப் போகும் வழியைக் குறிக்கிற கேற்வே என்ற இடத்தைக் காலியாக விடுங்கள். சுவிட்சில் இருந்து ஒரு வயர் லப்டொப்புக்கு வரும். இணையத்துக்கு அந்தச் சுவிட்சைப் பாவிக்க வேண்டாம். 4ஜி ரவுட்டரை வைபையிலோ யூ.எஸ்.பி.யிலோ லப்டொப்போடு தனியாக இணையுங்கள். இப்படிச் செய்தால் கமராப் படங்கள் இணைய வேகத்தைத் தின்னாது, வெளியில் இருந்து ஒருவரும் கமராவுக்குள் நுழையவும் முடியாது. ரவுட்டரில் போர்ட் திறந்து கமராவை நேரே இணையத்தில் விடச் சொல்லி யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

கமராவின் படம் ஆர்.டி.எஸ்.பி. முகவரியில் கிடைக்கும். நெட்வேர்க்கில் வீடியோவை ஓடவிடுவதற்கு 1998இல் வரையறுத்த பழைய முறை அது, இன்றைக்கும் ஏறத்தாழ எல்லா ஐ.பி. கமராவும் பேசுகிறது. முகவரியில் முதலில் ஆர்.டி.எஸ்.பி., பிறகு பயனர் பெயர், பாஸ்வேர்ட், அட் குறி, ஐ.பி. எண், முக்காற்புள்ளி, 554 என்ற போர்ட் எண், கடைசியில் கம்பனிக்குக் கம்பனி மாறுகிற ஒரு பாதை. அந்தப் பாதை கமராவின் கைநூலில் இருக்கும். இல்லாவிட்டால், கமரா ஒன்விஃப் ஆதரவு உள்ளது என்றால், ஒன்விஃப் டிவைஸ் மனேஜர் என்ற இலவச மென்பொருள் முழு முகவரியையும் எடுத்துக் காட்டும். ஒன்விஃப் என்பது அக்சிஸ், பொஷ், சோனி மூன்றும் சேர்ந்து 2008இல் தொடங்கிய பொது நியமம். ஒரு எச்சரிக்கை: பாஸ்வேர்டில் அட் குறியோ ஹாஷ் குறியோ இருந்தால் முகவரி உடைந்துவிடும். எழுத்தும் இலக்கமும் மட்டும் வைத்து நீளமாகப் போடுங்கள். முகவரியை முதலில் வி.எல்.சி. என்ற வீடியோ பார்க்கும் மென்பொருளில் திறந்து பாருங்கள். அங்கே ஓடாதது ஓ.பி.எஸ்.ஸிலும் ஓடாது.

ஓ.பி.எஸ்.ஸில் மீடியா சோர்ஸ் ஒன்றைச் சேருங்கள். 'லோக்கல் பைல்' என்ற பெட்டியில் உள்ள சரி அடையாளத்தை நீக்கினால் 'இன்புட்' என்ற இடம் வரும், முகவரியை அங்கே ஒட்டுங்கள். பஃபரிங்கை ஆகக் குறைந்த அளவுக்கு இறக்குங்கள். காட்சி மாற்றும்போது படம் உடனே வர வேண்டும் என்றால், பாவிக்காதபோது மூடுகிற பெட்டியிலும், திரும்ப வரும்போது முதலில் இருந்து தொடங்குகிற பெட்டியிலும் சரி இருக்கக் கூடாது. ஒரே கமராவை இரண்டு காட்சிகளில் வைக்கிறீர்கள் என்றால் புதிதாகச் சேர்க்க வேண்டாம், ஏற்கெனவே உள்ளதைத் தெரிந்தெடுங்கள். புதிதாகச் சேர்த்தால் கமராவில் இருந்து இன்னொரு இணைப்பு திறக்கும், சில கமராக்கள் அதைத் தாங்காது. ஓ.பி.எஸ்.ஸின் பிரேம் வீதத்தையும் 25 ஆக்குங்கள்.

சத்தத்துக்குத்தான் நான் ஆகக் கூடிய நேரம் செலவழிப்பேன். கமராவின் மைக்கை நம்ப வேண்டாம். பெரும்பாலானவை தொலைபேசித் தரத்தில்தான் சத்தம் எடுக்கும், மத்தளத்தின் அடித்தொனி அதில் வராது. ஒலிபெருக்கிக்காரரின் மிக்சரில் இருந்து ஒரு வயர் எடுத்து, ஓடியோ இன்ரபேஸ் என்ற சிறு கருவி மூலம் லப்டொப்புக்குக் கொடுங்கள். அப்போது ஒரு சிக்கல் வரும். மிக்சர் சத்தம் உடனே வந்துவிடும், கமராப் படம் அரை செக்கன், சிலவேளை அதற்கு மேலும் பிந்தி வரும். மேடைப் பேச்சு என்றால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். கூத்தில் சல்லரியும் சதங்கையும் அடியும் ஒன்றாக விழ வேண்டும், பிந்தினால் நன்றாக ஆடுகிறவரும் தாளம் தப்பியவராகத் தெரிவார். அது அவருக்குச் செய்கிற அநியாயம்.

சரிசெய்வது இப்படி. மத்தளக்காரரைக் கமராவுக்கு நேரே ஒரு அடி ஓங்கி அடிக்கச் சொல்லி ஓ.பி.எஸ்.ஸில் பதிவு செய்யுங்கள். பதிவை ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி, சத்தம் வந்த பிறகு கை தோலில் விழ எத்தனை பிரேம் ஆகிறது என்று எண்ணுங்கள். ஒரு பிரேம் 40 மில்லிசெக்கன். 15 பிரேம் என்றால் 600. அந்த எண்ணைச் சத்தத்தின் 'சிங்க் ஒப்செற்' பெட்டியில் போடுங்கள். எல்லாக் கமராவும் ஒரே மாடலாக இருந்தால் ஒரே எண் போதும். கலந்து இருந்தால், ஒரு போனில் நேரம் ஓடவிட்டு எல்லாக் கமராவுக்கும் காட்டிப் பாருங்கள். முந்தி வருகிற கமராவுக்குத் தாமத பில்ரர் சேர்த்து மற்றவற்றோடு ஒன்றாக்குங்கள். மணிக்கணக்கில் ஓடும்போது தாமதம் மெல்லக் கூடுவதும் உண்டு. அந்த நேரத்தில் காட்டாத கமராவை ஒவ்வொன்றாக மறுபடி தொடக்கிவிட்டால் பழைய இடத்துக்கு வரும்.

அனுப்புவதற்கு 720பி அளவு, 2500 கிலோபிட், மாறாத வீதம், கீபிரேம் (முழுப் படம்) 2 செக்கனுக்கு ஒன்று. யூரியூப் சனலில் முதல் தரம் நேரலை திறக்க 24 மணித்தியாலம் வரை எடுக்கும், முன்கூட்டியே திறந்து வையுங்கள். பதிவேற்ற வேகத்தை மத்தியானம் அளந்துவிட்டு நம்ப வேண்டாம். இரவில் ஊரே களரிக்கு வந்து எல்லாப் போனும் ஒரே கோபுரத்தைப் பிடிக்கும். அடுக்குப் பார்க்கிற, அதாவது ஒத்திகை பார்க்கிற, இரவே எல்லாவற்றையும் கட்டிப் பரீட்சித்துப் பாருங்கள், அரங்கேற்றத்துக்கு முன் கிடைக்கிற சரியான சந்தர்ப்பம் அதுதான். வேறு கம்பனிச் சிம் ஒன்று கையில் இருக்கட்டும். சுவிட்சுக்கும் ரவுட்டருக்கும் ஒரு யூ.பி.எஸ். வேண்டும்.

லைவ் போகிறபோதே லப்டொப்பிலும் பதிவு செய்யுங்கள், எம்.கே.வி. வடிவில். எம்.பி.4இல் பதிந்தால், கரண்ட் போய் லப்டொப் அணைகிற நேரம் முழுப் பதிவும் கெட்டுப்போகலாம். எம்.கே.வி.யில் அதுவரை பதிந்தது மிஞ்சும். விடிந்த பிறகு ஓ.பி.எஸ்.ஸிலேயே எம்.பி.4 ஆக மாற்றலாம். இடைவேளையில் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டுப் போட்டால் சத்தத்தை நிறுத்திவிடுங்கள், பதிப்புரிமை என்று நேரலையே தடைப்படக்கூடும்.

கோயில் வளவில் என்றால் கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கரிடம் முதலே கேளுங்கள். களரியில் எல்லோருக்கும் கேட்கும்படி, இது நேரலையாகப் போகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். உடுப்புக் கட்டுகிற இடத்தின் பக்கம் எந்தக் கமராவும் திரும்பியிருக்கக் கூடாது.

கடைக்காரரிடம் இரவல் வாங்கிய கமரா என்றால், மாற்றங்கள் செய்யுமுன் அதன் செற்றிங் முழுவதையும் ஒரு பைலாக எடுத்து வையுங்கள், பெரும்பாலான கமராக்களில் அந்த வசதி உண்டு. திரும்பப் பூட்டும்போது அதை ஏற்றி, பாஸ்வேர்டை மாற்றி, அன்று இரவு ஒரு தரம் அகச்சிவப்பு லைட் எரிகிறதா என்று கடை வாசலில் நின்று பாருங்கள்.