ஃப்ரெட் இல்லாத பேஸில் சுருதி சேர வாசிக்க

ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) உள்ள பேஸ் கிட்டாரிலிருந்து வருகிறவர்கள் வாசிப்பது பெரும்பாலும் சற்று இறங்கியே ஒலிக்கும். ஃப்ரெட்டுக்குக் கொஞ்சம் பின்னால் அழுத்திப் பழகிய கை அது. இங்கே தந்தியை நிறுத்துவது விரல்தான். அதனால் ஃப்ரெட் இருந்திருக்க வேண்டிய கோட்டின் மேலேயே விரல்நுனி விழ வேண்டும்.

முதலில் கருவியைச் சரிபாருங்கள். 12-ஆம் கோட்டில் தந்தியை லேசாகத் தொட்டு மட்டும் மீட்டும்போது வரும் ஹார்மோனிக்கும், அங்கேயே அழுத்தி மீட்டும் ஸ்வரமும் சுருதி காட்டும் ட்யூனரில் ஒன்றாகக் காட்ட வேண்டும். அழுத்திய ஸ்வரம் ஏறியிருந்தால் பிரிட்ஜில் அந்தத் தந்தி அமர்ந்திருக்கும் சிறு தாங்கியான சாடிலை, கழுத்திலிருந்து விலகும்படி பின்னுக்கு நகர்த்துங்கள். பக்கவாட்டுப் புள்ளிகளையும் அப்படியே நம்பாதீர்கள்: சில பேஸ்களில் அவை கோட்டின் நேரே இருக்கும், சிலவற்றில் இரண்டு கோடுகளுக்கு நடுவில்.

அப்புறம் ட்யூனரை அணைத்துவிடுங்கள். ஊசியைப் பார்த்துக்கொண்டே வாசித்தால் கண்தான் பழகும், காது பழகாது.

நான் யாருக்கும் முதலில் சொல்லும் பயிற்சி இதுதான். ஜி தந்தியை வெறுமனே மீட்டி ஒலிக்க விடுங்கள். கூடவே டி தந்தியின் 5-ஆம் இடத்தில் அதே ஜி-யை வாசியுங்கள். இரண்டும் சேராவிட்டால் ஒலி 'வாவ், வாவ்' என்று அலைபாயும். விரலை மெல்ல உருட்டினால் அலை நிதானமாகிக்கொண்டே வந்து ஒரு புள்ளியில் நின்றுவிடும். அந்த இடத்தை விரல் உணரட்டும். பிறகு ஏ தந்தியின் 10-ஆம் இடம், ஈ தந்தியின் 3-ஆம் இடம் என்று ஜி-யைத் தேடிப் பிடியுங்கள்.

அடுத்து, அதே ஜி ஒலிக்க, டி தந்தியின் 9-ஆம் இடத்தில் பி. கோட்டின் மேல் சரியாக வைத்தாலும் கொஞ்சம் ஏறித்தான் கேட்கும். பியானோவின் சம இடைவெளிக் கணக்கில் இந்த ஸ்வரம் இயற்கையான இசைவைவிடச் சுமார் 14 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) மேலே இருக்கிறது. 34 அங்குல பேஸில் அந்த இடத்தில் அது ஏறக்குறைய 4 மி.மீ. தனியாக வாசிக்கும்போது விரலை, கழுத்தின் தலைப்பக்கம் தந்தி தொடங்கும் நட்டை நோக்கி இறக்குங்கள்; கீபோர்டுடன் வாசித்தால் கோட்டுக்கே திரும்புங்கள். இந்தச் சுதந்திரத்துக்காகவே இந்தக் கருவியை நேசிக்கிறேன்.

பிரிட்ஜை நோக்கி மேலே போகப் போகக் கவனம் கூட வேண்டும். நட் அருகே அரை ஸ்வரத்துக்குச் சுமார் 48 மி.மீ. இருக்கிறது, 12-ஆம் கோட்டைத் தாண்டினால் அதில் பாதிதான்.

ஃப்ரெட் இல்லாத சாதாரண கிட்டாரில் தந்தி இன்னும் குட்டை, தவறு சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடும். மூன்று விரல்களை ஒரே கோட்டில் நெருக்கும் கார்டுகளுக்கு (பல ஸ்வரங்களைச் சேர்த்து மீட்டுவது) அங்கே இடமே இல்லை. இரண்டு தந்திகளோடு ஆரம்பியுங்கள், அது போதும்.

ஸ்வரத்தை லேசாக அசைக்கும் வைப்ராட்டோவைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் ஸ்வரம் அசையாமல் நேராக நிற்கட்டும். நின்றபின், தந்தியைக் குறுக்கே இழுக்காமல் அதன் நீளவாக்கில் விரலை முன்னும் பின்னும் உருட்டுங்கள்.