அம்மான் பச்சரிசிப் பாலில் ஒட்டுண்ணி பார்ப்பது எப்படி

1909-இல் மொரீசியஸில் லாஃபான் என்பவர் இதே செடியின் பாலில்தான் ஃபைட்டோமோனாஸ் என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணியைக் கண்டார். தாமிரபரணிக் கரை வயல் வரப்பெல்லாம் அம்மான் பச்சரிசிதான். சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி உள்ள இடத்தில் பறியுங்கள். ஒட்டுண்ணியைச் செடிக்குச் செடி கடத்துவது அந்தப் பூச்சிதான்.

100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 0.9 கிராம் உப்பு கரைத்து, ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் விடுங்கள். தண்டை ஒடித்து, ஊசிமுனையளவு பாலை உடனே அதில் கலக்குங்கள். பால் கூடினால் எல்லாம் வெள்ளையாகத்தான் தெரியும், தாமதித்தால் உறைந்துவிடும். மேலே மெல்லிய மூடுசில்லு போட்டு, நுண்ணோக்கியில் 400 மடங்கில் பாருங்கள்.

இங்கேதான் பலர் ஏமாறுவது: பால்துகள்கள் இருந்த இடத்திலேயே துடிக்கும், எலும்புத்துண்டு போன்ற மாவுமணிகள் சும்மா கிடக்கும். ஒட்டுண்ணியோ ஒல்லியாக, முறுக்கிய நாடாபோல, சாட்டை போன்ற ஒற்றை இழை முன்னே இழுக்க நெளிந்து நகரும். பல செடிகளில் இருக்கவே இருக்காது. பத்துப் பதினைந்தாவது பாருங்கள். பால் கண்ணில் படக்கூடாது, எரியும்.