அணைத் தகராற்றுச் செய்தியைப் படிப்பது எப்படி? நைல் நதியை முன்வைத்து ஒரு வழிகாட்டி

பல நாடுகளைக் கடந்து ஓடும் ஓர் ஆற்றில் தலைமடை நாடு அணை கட்டத் தொடங்கினால், கடைமடை நாட்டின் நாளேடுகள் அதைத் தண்ணீர்ப் பறிப்பு என்று எழுதும். தலைமடை நாட்டின் நாளேடுகளோ அதே அணையை வறுமை ஒழிப்பு என்று எழுதும். இரண்டையும் படித்த பிறகும் ஆற்றில் உண்மையில் என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரியவராது. அதைத் தெரிந்துகொள்ள எந்தக் கேள்விகளை எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்பதை, எத்தியோப்பியா நீல நைலில் கட்டிய மகா மறுமலர்ச்சி அணையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன். 2011 ஏப்ரலில் அடிக்கல் நாட்டப்பட்டு, 2025 செப்டம்பர் 9 அன்று திறந்து வைக்கப்பட்ட இந்த அணையைப் பற்றி எத்தியோப்பியா, சூடான், எகிப்து ஆகிய மூன்று நாடுகளும் பதினான்கு ஆண்டுகளுக்கும் மேலாகப் பேசி வருகின்றன. இந்தத் தகராற்றில் 'எவ்வளவு தண்ணீர்' என்ற கேள்வியைவிட, 'எந்த மாதத்தில், யார் கையால் மதகு திறக்கப்படும்' என்ற கேள்வியே பெரியது என்பது என் கணிப்பு.

ஆற்றைப் பிரித்து வரையுங்கள்

முதல் வேலை ஒரு வெள்ளைத் தாளில் ஆற்றை வரைவது. நைல் என்பது ஒரே ஆறு என்று எண்ணிக்கொண்டு செய்தியைப் படித்தால் பாதி புரியாமலே போய்விடும். விக்டோரியா ஏரிப் பக்கத்திலிருந்து வரும் வெள்ளை நைல், தென் சூடானின் சட் சதுப்பு நிலத்தில் ஏறத்தாழப் பாதி நீரை ஆவியாக இழந்துவிட்டுத்தான் வடக்கே செல்கிறது. எத்தியோப்பிய மேட்டு நிலத்தில் பிறந்து தானா ஏரி வழியாக வரும் நீல நைல், சூடானின் தலைநகரான கார்த்தூமில் அதனுடன் கலக்கிறது. இன்னும் வடக்கே அத்பரா ஆறு சேர்கிறது. எகிப்தின் அஸ்வானை அடையும் நீரில் சுமார் 85 விழுக்காடு எத்தியோப்பிய மலைகளிலிருந்து வருகிறது. அந்த நீரின் பெரும்பகுதியும் ஜூலை முதல் அக்டோபர் வரையிலான மழைக்காலத்தில்தான் வருகிறது. இந்த இரண்டு செய்திகளையும் வரைபடத்தின் ஓரத்தில் எழுதி வையுங்கள். எகிப்தின் அச்சத்திற்கும் எத்தியோப்பியாவின் உரிமைக் குரலுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

கொள்ளளவை நீர்வரத்தோடு ஒப்பிடுங்கள்

அணையின் உயரத்தையும் மெகாவாட்டையும் செய்திகள் பெரிதாகப் போடும். நமக்கு வேண்டியது வேறு எண்: அணையின் கொள்ளளவு, அந்த ஆற்றில் ஓராண்டில் ஓடும் நீரில் எத்தனை பங்கு? மறுமலர்ச்சி அணையின் கொள்ளளவு 7,400 கோடி கனமீட்டர். நம் அளவையில் சொன்னால் ஏறத்தாழ 2,600 டி.எம்.சி., அதாவது 93.47 டி.எம்.சி. கொள்ளும் மேட்டூர் அணையைப் போல் இருபத்தெட்டு அணைகள். சூடான் எல்லையருகே நீல நைலின் சராசரி ஆண்டு நீர்வரத்து சுமார் 4,900 கோடி கனமீட்டர். ஆகவே இந்த அணையால் ஒன்றரை ஆண்டு நீரைத் தன்னிடம் வைத்துக்கொள்ள முடியும்.

இதே கணக்கை, இந்தியா கட்டி, பாகிஸ்தான் எதிர்த்த, செனாப் ஆற்றின் பக்லிஹார் அணைக்குப் போட்டுப் பாருங்கள். அதன் இயக்கத் தேக்கத்திற்கு (மின்னுற்பத்திக்காகத் தேக்கித் திறக்கும் நீருக்கு) 2007-இல் நடுநிலை வல்லுநர் விதித்த வரம்பு 3.256 கோடி கனமீட்டர். மறுமலர்ச்சி அணையின் கொள்ளளவில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டையும் 'அணைத் தகராறு' என்ற ஒரே சொல்லால் குறிப்பிட்டாலும், முதலாவதால் ஆற்றின் பருவத்தையே மாற்ற முடியும். இரண்டாவதால் சில நாட்களின் ஓட்டத்தைத்தான் மாற்ற முடியும். அந்தச் சில நாட்கள் விதைப்புக் காலமாக அமைந்தால் அதுவும் சிறிய விஷயமன்று.

அடுத்து, தேக்கிய நீர் எங்கே போகிறது என்று பாருங்கள். மின்சாரத்திற்காகக் கட்டிய அணையில் டர்பைனைச் சுழற்றிய நீர் மீண்டும் அதே ஆற்றில்தான் விழும். ஆவியாகும் அளவே இழப்பு. மறுமலர்ச்சி அணை இந்த வகையைச் சேர்ந்தது. மேற்கு வங்கத்தின் பராக்கா தடுப்பணை வேறு வகை: 1975 முதல் கங்கை நீரின் ஒரு பகுதியை அது ஹூக்ளிக்குத் திருப்புகிறது. திருப்பிய நீர் வங்கதேசத்திற்குத் திரும்பி வராது. பாசனத்திற்கு எடுத்த நீரும் பெரும்பாலும் அப்படித்தான். ஆகவே 'தண்ணீரைத் திருடுகிறார்கள்' என்ற குற்றச்சாட்டைப் படித்ததும், அது மின் அணையா, பாசன அணையா, திருப்பு அணையா என்று பார்த்த பிறகே மேற்கொண்டு செல்லுங்கள்.

நிரப்புவது வேறு, இயக்குவது வேறு

புதிய அணையை முதன்முறையாக நிரப்பும் ஆண்டுகளில் கடைமடைக்கு வரும் நீர் குறைந்தே தீரும். நிரம்பிய பிறகு, சராசரி ஆண்டில் வந்த நீர் ஏறத்தாழ முழுவதும் வெளியே போகும். மறுமலர்ச்சி அணையில் முதல் நிரப்பல் 2020 ஜூலையில், உடன்பாடு ஏதும் எட்டப்படாத நிலையில் நடந்தது. அந்த மாதத்தில் எல்லையருகே நாளொன்றுக்கு 9 கோடி கனமீட்டர் நீர் குறைந்ததாகச் சூடான் அறிவித்தது. எகிப்தில் அதே அளவு தட்டுப்பாடு உடனே தெரியவில்லை. அஸ்வான் உயரணையின் பின்னால் பல ஆண்டு நீரைத் தாங்கக்கூடிய நாசர் ஏரி இருந்ததும், நிரப்பிய ஆண்டுகளில் மழை மோசமாக இல்லாததும் அதற்குக் காரணங்கள். கடைமடை நாட்டிடம் சொந்த நீர்த்தேக்கம் இருக்கிறதா, அதில் இன்று எவ்வளவு இருப்பு என்பதை ஒவ்வொரு முறையும் பாருங்கள். தாக்குப்பிடிக்கும் காலம் அதில்தான் இருக்கிறது.

அப்படியானால் எகிப்து எதற்காக விடாமல் வாதிடுகிறது? தொடர் வறட்சிக்காக. நான்கைந்து ஆண்டுகள் அடுத்தடுத்து மழை பொய்த்தால், எத்தியோப்பியா தன் டர்பைன்களுக்காக நீர்மட்டத்தைக் காப்பாற்றுமா, கீழே உள்ளவர்களுக்காக மதகைத் திறக்குமா? வறட்சி என்று எதைச் சொல்வது, அப்போது எவ்வளவு திறந்துவிடுவது, தகராறு வந்தால் தீர்ப்பவர் யார், இவை கட்டாய விதிகளா, வெறும் வழிகாட்டு நெறிகளா என்பவை எல்லாம் வறட்சி விதியின் உட்கூறுகள். 2020 பிப்ரவரியில் அமெரிக்காவும் உலக வங்கியும் முன்னின்று நடத்திய வாஷிங்டன் பேச்சுவார்த்தையின் இறுதிச் சுற்றுக்கு எத்தியோப்பியா வரவில்லை. எகிப்து மட்டும் வரைவில் சுருக்கொப்பமிட்டது (முதற்கட்ட ஒப்புதலாகப் பெயரின் முதலெழுத்துகளை இட்டது). பின்னர் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தலைமையில் நடந்த பேச்சுகளும் இதே முடிச்சில்தான் நின்றன. கட்டாயமான வறட்சி விதியில் கையெழுத்திட்டால் மறைமுகமாகத் தன் நீர்ப்பங்கைக் குறைத்துக்கொண்டதாகிவிடும் என்பது எத்தியோப்பியாவின் கவலை. ஒரு செய்தியில் நேரம் செலவழிக்க வேண்டிய பத்தி ஒன்றே ஒன்று என்றால், அது வறட்சி விதியைப் பற்றிய பத்திதான்.

எந்தத் தாளில் யார் கையெழுத்து

'வரலாற்று உரிமை' என்ற சொல் வந்ததும் அதன் பின்னால் உள்ள ஒப்பந்தத்தைத் தேடுங்கள். 1929-இல் எகிப்தும், தன் ஆப்பிரிக்க ஆட்சிப்பகுதிகளின் சார்பில் பிரிட்டனும் கடிதம் மாற்றிக்கொண்டன. 1959-இல் எகிப்தும் சூடானும் ஆண்டுக்கு 8,400 கோடி கனமீட்டர் என்று கணக்கிட்டு, எகிப்துக்கு 5,550 கோடி, சூடானுக்கு 1,850 கோடி எனப் பிரித்துக்கொண்டன. மிச்சம் 1,000 கோடியை ஆவியாதல் முதலிய இழப்புகளுக்கு ஒதுக்கின. நீரின் பெரும்பகுதியைத் தரும் எத்தியோப்பியா இந்த இரண்டிலும் கையெழுத்திடவில்லை. 1959-இன் பங்கீட்டில் அதற்கு ஒரு சொட்டுகூட இல்லை. ஆனால் எகிப்து காட்டும் மற்றொரு தாளான 1902-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் எத்தியோப்பியப் பேரரசர் மெனலிக்கின் ஒப்புதல் இருக்கிறது. நீல நைலின் ஓட்டத்தை நிறுத்தும் பணி எதையும் பிரிட்டனின் இசைவின்றிச் செய்வதில்லை என்பது அதன் சாரம். அதன் அம்ஹாரிய வாசகமும் ஆங்கில வாசகமும் ஒரே பொருளைத் தருகின்றனவா என்ற சர்ச்சை இன்றும் ஓயவில்லை.

2015 மார்ச்சில் கார்த்தூமில் மூன்று நாடுகளும் ஒப்பமிட்ட கொள்கைப் பிரகடனம் 'நியாயமான பயன்பாடு', 'கணிசமான தீங்கு விளைவிக்காமை' என்ற இரண்டையும் ஏற்றது. தலைமடை நாடு முதற்சொல்லைப் பிடித்துக்கொள்ளும்; கடைமடை நாடு இரண்டாவதைப் பிடித்துக்கொள்ளும். ஐ.நா. பொதுச்சபை 1997-இல் நிறைவேற்றிய சர்வதேச நீர்வழிகள் உடன்படிக்கையிலும் இரண்டும் அருகருகே உள்ளன. அன்றைய வாக்கெடுப்பில் எகிப்தும் எத்தியோப்பியாவும் ஒருசேர ஒதுங்கி நின்றன; அவை ஒத்துப்போன அரிய தருணங்களில் அதுவும் ஒன்று. எகிப்தும் சூடானும் சேராத நைல் படுகைக் கூட்டுறவு உடன்படிக்கை 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதில் சேராத நாடுகளை அது கட்டுப்படுத்தாது.

ஒப்பந்தம் வலுவாக இருந்தாலும் சண்டை மறைந்துவிடுவதில்லை. அது மதகுக்கு இடம் மாறுகிறது. 1960-இன் சிந்து நதிநீர் ஒப்பந்தம் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் ஆறுகளையே பிரித்துக் கொடுத்துவிட்டதால், பக்லிஹாரில் வழிந்தோடிக்கு (மிகுநீரை வெளியேற்றும் வழிக்கு) கதவு வைக்கலாமா, இந்தியாவின் மற்றொரு மின் திட்டமான கிஷன்கங்காவில் வண்டலை வெளியேற்ற நீர்மட்டத்தை எவ்வளவு இறக்கலாம் என்பவையே வழக்குகளாயின. கிஷன்கங்கா வழக்கில் 2013-இல் நடுவர் நீதிமன்றம் நொடிக்கு 9 கனமீட்டர் நீரையாவது ஆற்றில் விட வேண்டும் என்று எண்ணைக் குறித்தே தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரலில் இந்தியா அந்த ஒப்பந்தத்தையே நிறுத்திவைப்பதாக அறிவித்த பிறகு, நீரோட்டத் தரவுப் பகிர்வும் கேள்விக்குள்ளானது. மதகின் உயரம், வண்டல், தரவு போன்ற சலிப்பூட்டும் சொற்கள் செய்தியில் வந்தால் தாண்டிச் செல்லாதீர்கள்.

நடுவில் இருக்கும் நாட்டைக் கவனியுங்கள்

சூடானின் நிலைப்பாடு மாறிக்கொண்டே இருப்பதாகச் செய்திகள் குறைப்பட்டுக்கொள்ளும். எனக்கு அது குழப்பமாகத் தெரியவில்லை; அந்நாட்டிற்கு ஆதாயமும் ஆபத்தும் ஒரே அணையிலிருந்து வருகின்றன. ஆண்டு முழுவதும் சீராக ஓடும் ஆறு வெள்ளத்தைக் குறைக்கும், சொந்த அணைகளில் வண்டலைக் குறைக்கும், பாசனத்திற்கும் உதவும். ஆனால் வெள்ளம் வடிந்த கரையில் விதைக்கும் உழவர்கள் அந்த வண்டலையே நம்பியிருக்கிறார்கள். மேலே எப்போது எவ்வளவு திறப்பார்கள் என்று நாள்தோறும் தெரியாவிட்டால், கொள்ளளவில் மறுமலர்ச்சி அணையைவிட மிகச் சிறியதான தன் ரொசெய்ரெஸ் அணையைச் சூடானால் பாதுகாப்பாக இயக்கவும் முடியாது.

2025 செப்டம்பர் இறுதியில் சூடானிலும், தொடர்ந்து எகிப்தின் ஆற்றோரத் தாழ்நிலங்களிலும் வெள்ளம் புகுந்தபோது, முன்னறிவிப்பின்றிப் பெருமளவு நீரைத் திறந்துவிட்டதாக எகிப்து எத்தியோப்பியாவைச் சாடியது. அணை இல்லாதிருந்தால் சேதம் இன்னும் பெரிதாகியிருக்கும் என்று எத்தியோப்பியா மறுத்தது. பதினான்கு ஆண்டுகளாக 'நீர் குறையும்' என்று ஒலித்த புகார் ஒரே வாரத்தில் 'நீர் மிகுந்தது' என்றானது. இப்படியொரு செய்தி மீண்டும் வந்தால் மூன்று எண்களைத் தேடுங்கள்: அந்த வாரம் அணைக்குள் வந்த நீர், அணையிலிருந்து வெளியேறிய நீர், ரொசெய்ரெஸிலிருந்து வெளியேறிய நீர். வந்ததைவிட வெளியேறியது அதிகம் என்றால் எகிப்தின் குற்றச்சாட்டுக்கு வலு உண்டு. குறைவு என்றால் எத்தியோப்பியாவின் மறுப்புக்கு வலு உண்டு. மூன்றில் ஒன்றுகூடத் தராத செய்தியை, அது எந்தத் தலைநகரிலிருந்து வந்திருந்தாலும், ஓர் அரசின் அறிக்கையாக மட்டுமே படியுங்கள்.