பிளேடு உடைவதைத் தரையிலேயே தடுப்பது எப்படி?

ரிமோட் ஹெலிகாப்டர் பழகுகிறவர்கள் பிளேடு உடைந்ததும் காற்றையும் மரக்கிளையையும்தான் குறை சொல்வார்கள். கிரவுண்டில் என்னிடம் கொண்டுவந்து காட்டும் ஹெலிகளைத் தொட்டுப் பார்த்தால் பெரும்பாலும் வேறு கதை தெரிகிறது. போல்ட் இறுக்கம் சரியில்லை, ஷாஃப்ட் லேசாக வளைந்திருக்கிறது, தலையின் ஆட்டத்தை அடக்கும் டேம்பர் ரப்பர் தளர்ந்துபோயிருக்கிறது. மோட்டார் சுற்றுவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டியவை இவை.

நிறையப் பேர் வைத்திருப்பது 450 ரகம் (ஹெலியின் அளவைக் குறிக்கும் எண்) என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். அதன் மெயின் பிளேடு 325 மி.மீ. நீளம். தலை (பிளேடுகளைத் தாங்கிச் சுழலும் பகுதி) நிமிடத்துக்கு 2800 சுற்று சுற்றினால் பிளேடின் நுனி மணிக்கு ஏறக்குறைய 380 கி.மீ. வேகத்தில் போகும். பிளேடு 30 கிராம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால்கூட, அதைப் பிடித்திருக்கும் அந்த ஒரே 3 மி.மீ. போல்ட்டில் 45 கிலோவுக்கு மேல் இழுவிசை விழுகிறது. அதனால் முதலில் போல்ட்.

இறுக்கத்தைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, பிளேடு இரண்டையும் நேராக விரித்து, இரண்டும் தரைக்குக் கிடையாக நீளும்படி ஹெலியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். பிளேடுகள் தம் எடையைத் தாங்கி அப்படியே நிற்க வேண்டும். கையை லேசாக ஒரு உலுக்கு உலுக்கினால் இரண்டும் மெதுவாகக் கீழே சரிய வேண்டும், அதுவும் ஒரே மாதிரி. சாய்த்ததுமே தொங்கிவிட்டால் தளர்வு. வேகம் எடுக்கும்போது ஒரு பிளேடு பின்தங்கி, ஹெலி தரையிலேயே குலுங்கிச் சாயும். நுனி மண்ணைத் தொட்டால் பிளேடு போச்சு. உலுக்கியும் அசையவில்லையென்றால் இறுக்கம் அதிகம். சுழலும்போது பிளேடு தானாக நேராக முடியாமல் அதிர்வு வரும். எதிலாவது இடித்தால் மடங்கிக்கொடுக்காமல் அடி முழுவதும் வேர்ப்பகுதிக்குப் போய், துளையைச் சுற்றி விரிசல் விடும். நைலான் வைத்த லாக் நட்டையே போடுங்கள், பலமுறை கழற்றி மாட்டிப் பிடிப்பு போன நட்டை மாற்றிவிடுங்கள். பிளேடு வேருக்கும் அதைப் பிடித்திருக்கும் கிரிப்புக்கும் நடுவே இடைவெளி இருந்தால் போல்ட்டை முறுக்கி மூடக் கூடாது. மேலும் கீழும் ஒரே கனத்தில் வாஷர் கொடுங்கள்.

அப்புறம் ஃபெதரிங் ஷாஃப்ட், அதாவது தலையின் குறுக்கே போய் இரண்டு கிரிப்பையும் இணைக்கும் கம்பி. ஒரு சின்ன விழுதலுக்கே வளைந்துவிடும், வெளியே தெரியாது. கழற்றி ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உருட்டினால் வளைவு உடனே காட்டிக்கொடுத்துவிடும். தட்டி நிமிர்த்துகிற வேலையே வேண்டாம், புதிதாகப் போடுங்கள். ஷாஃப்ட்டின் இரு பக்கமும் இருக்கும் டேம்பர் ரப்பர் தளர்ந்தால் தலை அளவுக்கு மீறி ஆடும். டெயில் பூமை, அதாவது வால் குழாயை, பிளேடு வெட்டுவதற்கு முக்கியமான காரணங்களில் இது ஒன்று.

புதுப் பிளேடு ஜோடியாக வந்தாலும் பேலன்ஸ் பார்க்காமல் மாட்டாதீர்கள். ஒவ்வொன்றையும் ஸ்கேல் விளிம்பில் வைத்து, சமமாக நிற்கும் புள்ளியைப் பென்சிலால் குறியுங்கள். இரண்டிலும் புள்ளி ஒரே தூரத்தில் இல்லையென்றால் தேவையான இடத்தில் டேப் ஒட்டி முதலில் அதைச் சரிசெய்யுங்கள். எடை அதற்குப் பிறகுதான்: 0.1 கிராம் காட்டும் தராசில் நிறுத்து, இலகுவான பிளேடில் அந்தப் புள்ளியின் மேலேயே டேப் ஒட்ட வேண்டும். நிறையப் பேர் எடையை மட்டும் சமப்படுத்தி விட்டுவிடுகிறார்கள். அது பாதி வேலை.

டிராக்கிங்குக்கு, அதாவது இரண்டு பிளேடும் ஒரே உயரத்தில் சுற்றுகிறதா என்று பார்க்க, ஒரு பிளேடு நுனியில் கலர் டேப் சுற்றி, தாழ்வாக அந்தரத்தில் நிறுத்திப் பக்கத்திலிருந்து கவனியுங்கள். சுழலும் பிளேடுகள் ஒரே தட்டாகத் தெரியாமல் இரண்டு தட்டுகளாகத் தெரிந்தால் எந்தப் பிளேடு மேலே போகிறது என்பதை டேப் நிறம் சொல்லிவிடும். இறக்கி, பேட்டரியைக் கழற்றி, அந்தக் கிரிப்புக்குப் போகும் லிங்க்கை (இணைப்புக் கம்பியின் முனையை) ஒரு சுற்று மட்டும் திருப்பி மறுபடி பாருங்கள். எந்தப் பக்கம் திருப்பினால் பிட்ச் (பிளேடின் சாய்வுக் கோணம்) குறையும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். இதைப் பார்க்கிறேன் என்று தயவுசெய்து பக்கத்தில் போய்க் குனியாதீர்கள். 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினில் 19 வயது இளைஞர் ஒருவர் தன் ஹெலியின் பிளேடு தலையில் பட்டு இறந்துபோனார். ஹெலி ஓட்டுவதில் அனுபவம் உள்ளவர் அவர். எட்டு, பத்து மீட்டர் தள்ளி நின்றாலே டேப் நிறம் நன்றாகத் தெரியும்.

உயரமான புல்லிலிருந்து கிளப்புவதும் வேண்டாத வேலை. ஸ்கிட் (தரையில் ஊன்றும் கால்) சிக்கினால் ஹெலி கவிழும், டெயில் பிளேடு புல்லை வெட்டி நாசமாகும். ஒரு பிளைவுட் பலகையோ ரப்பர் மேட்டோ காரில் கிடக்கட்டும்.

இறக்கும்போது ஒரு பழக்கம். தரை தொட்டதும் கலெக்டிவை (இரண்டு பிளேடின் பிட்ச்சையும் ஒன்றாக மாற்றும் ஸ்டிக்கை) அடியோடு கீழே இழுக்காதீர்கள். நெகட்டிவ் பிட்ச் பிளேடைக் கீழே வளைக்கும், வேகமும் குறைந்துகொண்டே வருவதால் நுனி டெயில் பூமில் இடிக்கும். ஸ்டிக்கைப் பிட்ச் பூஜ்யமாக இருக்கும் இடத்தில், அதாவது பெரும்பாலும் நடுவில் வைத்து, தலை தானாக ஓயும்வரை பொறுங்கள். காற்று பலமாக வீசும் நாளில் இது இன்னும் முக்கியம், மெதுவாகச் சுற்றும் பிளேடைக் காற்றே தூக்கி அடிக்கும்.

இவ்வளவும் செய்தாலும் விழத்தான் செய்யும். அப்போது எதைக் காப்பாற்றலாம் என்பது, மோட்டாரை உடனே நிறுத்தும் த்ராட்டில் ஹோல்ட் சுவிட்சைப் பொறுத்தது. நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான். மோட்டார் ஓடிக்கொண்டே விழும் ஹெலியில் பிளேடு தரையை ஒரு தடவை அடிப்பதோடு நிற்காது. மோட்டார் அதைத் திரும்பத் திரும்ப மண்ணில் தள்ளும். பிளேடு, மெயின் கியர், சில நேரம் ஸ்பீடு கண்ட்ரோலர் என்று வரிசையாகப் போகும். ஹோல்ட் போட்டிருந்தால் செலவு கணிசமாகக் குறையும். ஸ்டிக்கிலிருந்து கட்டைவிரலை எடுக்காமலே ஆள்காட்டி விரல் எட்டும் சுவிட்சுக்கு அதை மாற்றிக்கொள்ளுங்கள். சிமுலேட்டரில் பழகும்போது, ஹெலி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குழம்பிய ஒவ்வொரு தடவையும் ஹோல்ட் போட்டுப் பழகுங்கள். நிஜத்தில் யோசிக்க நேரம் இருக்காது, விரல் தானாகப் போக வேண்டும்.

ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ரோட்டர் உள்ள சின்னப் பொம்மை ஹெலிகளுக்கு மேலே சொன்ன போல்ட் கணக்கு பொருந்தாது. அவற்றில் பிளேடு தாராளமாக மடங்க வேண்டும், ஸ்க்ரூவை முறுக்கிவிடாதீர்கள். சுவரில் பட்டதும் த்ராட்டிலைக் குறைத்துவிட்டால் போதும்.

விழுந்த பிறகு கண்ணால் பார்த்து “நல்லாத்தான் இருக்கு” என்று மறுபடி மாட்டக் கூடாது. பிளேடின் இரண்டு விளிம்பிலும் பஞ்சை இழுத்துப் பாருங்கள், இழை மாட்டுகிற இடத்தில் பிளவு இருக்கும். கார்பன் பிளேடை நாணயத்தால் வேரிலிருந்து நுனிவரை தட்டினால் டக் டக் என்று வரும் சத்தம் ஓரிடத்தில் தொப்பென்று மழுங்கினால் உள்ளே ஒட்டு விட்டிருக்கிறது. மரப் பிளேடில் மேலே சுற்றிய ஃபிலிம் விரிசலை மறைத்துவிடும். லேசாக வளைத்துக் காதருகே வையுங்கள், நொறுங்கும் சத்தம் கேட்டால் முடிந்தது. சூப்பர் க்ளூவால் ஒட்டி மறுபடி பயன்படுத்தலாமா என்று கேட்பவர்களிடம் கூடவே கூடாது என்பேன். ஒன்று போனாலும் ஜோடியாக மாற்றுங்கள். கழித்த பிளேடை ரம்பத்தால் இரண்டாக அறுத்துப் போடுங்கள், வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது.