பழைய கிண்டிலில் மழைக் கணக்கு: தமிழில் காட்டும் சுவர்ப் பலகை

லாச்சிக்குள் கிடக்கும் பழைய கிண்டிலை (அமேசானின் மின்னூல் வாசிப்பான்) சுவரில் மாட்டி, மழையையும் குளிரையும் தமிழில் காட்டும் பலகையாக்கலாம். இலங்கை மலையகத்தில், ஹட்டனில் எங்கள் வீட்டில் ஓடுவது 2011இல் வந்த, பொத்தான் வைத்த நான்காம் தலைமுறைக் கிண்டில். திரை 600×800 பிக்சல். உங்களிடம் இருப்பது வேறு மாதிரி என்றால் பட அளவை அதற்கேற்ப மாற்றுங்கள்.

படி 1: கிண்டிலைத் திறப்பது

உங்கள் மாதிரிக்கும் மென்பொருள் பதிப்புக்கும் உரிய ஜெயில்பிரேக் கோப்பு (அமேசான் போட்ட பூட்டைத் திறப்பது) மொபைல்ரீட் என்ற மின்னூல் வாசகர் தளத்தில் இருக்கிறது. அதன் பிறகு யூஎஸ்பிநெட்வொர்க் என்ற துணைநிரலைப் போட்டு, கணினியிலிருந்து கட்டளை கொடுக்கும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போகலாம்.

படி 2: மழைத் தரவு

ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி ஒன்று வேண்டும். இன்றைய பாதுகாப்பு இணைப்புகளுடன் பழைய கிண்டில் தடுமாறும். அதனால் இணையத்தோடு பேசுவது பை, படத்தை மட்டும் வாங்கிக்கொள்வது கிண்டில்.

தரவுக்கு ஓப்பன்-மீடியோ என்ற இணைய வானிலைச் சேவையைத்தான் நான் சொல்வேன். சொந்தப் பாவனைக்கு இலவசம், பதிவும் ஏபிஐ சாவியும் (அனுமதிக் குறியீடு) வேண்டாம். ஹட்டனுக்கு அட்சரேகை 6.89, தீர்க்கரேகை 80.60. நேரவலயத்தை ஏசியா/கொழும்பு என்று கொடுங்கள். விட்டால் கிரீன்விச் நேரம் வந்து எல்லாம் ஐந்தரை மணித்தியாலம் தள்ளி நிற்கும். உயரத்தையும் மீட்டரில் கொடுங்கள். மலையில் பள்ளத்து லயத்துக்கும் மேட்டு வீட்டுக்கும் குளிர் ஒன்றல்ல.

மழைக்கு நாள் மொத்தத்தை எடுக்க வேண்டாம். அது நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரைக்கான கணக்கு. இரவெல்லாம் கொட்டிய மழை இரண்டு நாளாகப் பிரிந்து சின்னதாகத் தெரியும். மணிக்கணக்கை எடுத்து, கடந்த 24 மணித்தியாலத்தைக் கூட்டுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்குப் பார்க்கும் 75, 100, 150 மில்லிமீட்டர் அளவுகளும் 24 மணித்தியாலத்துக்கு உரியவைதான். ஆனால் ஓப்பன்-மீடியோ தருவது கணினி மாதிரியின் கணிப்பு, மழைமானியில் அளந்தது அல்ல. பலகையில் எண் குறைவாக இருக்கிறது என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். வெளியேறச் சொன்னால் வெளியேறுங்கள்.

படி 3: தமிழ் எழுத்து

அதிகம் மினக்கெட வேண்டிய இடம் இதுதான். பையில் பைத்தான் நிரல்மொழியின் பில்லோ என்ற பட நூலகத்தை வைத்துப் படம் வரைந்தால் ‘வெயில்’ என்ற சொல்லில் கொம்பு ‘வ’வுக்குப் பின்னால் போய் ‘யி’யோடு ஒட்டிக்கொள்ளும். எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. பில்லோவின் அடிப்படை முறை குறியீடுகளை வந்த வரிசையிலேயே அடுக்குகிறது. கொம்பை முன்னே கொண்டுவர, எழுத்துகளைச் சரியாக அடுக்கும் ராக்ம் என்ற நூலகம் வேண்டும். அதற்கான லிப்ராக்ம், ஃப்ரிபிடி என்ற இரண்டு தொகுப்புகளையும் நிறுவிவிட்டு, பில்லோவின் ஃபீச்சர்ஸ் பகுதியில் ராக்ம் இருக்கிறதா என்று கேளுங்கள். ‘ட்ரூ’ என்று வரும்வரை மேலே போகாதீர்கள். என் பெரியம்மா கண்ணாடி இல்லாமல் வாசிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும். சின்ன ஆங்கில எழுத்தில் வைத்தால் அது அவருக்குச் சுவரில் தொங்கும் பிளாஸ்டிக் துண்டு.

எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ், தடித்தது. மெல்லிய எழுத்து மின்தாளில் (கிண்டிலின் திரை) மங்கிவிடும்.

படி 4: திரைக்கு அனுப்புவது

படத்தை 8 பிட் சாம்பல் நிற பிஎன்ஜியாக, ஒளிபுகும் அடுக்கு இல்லாமல் சேமியுங்கள். கிண்டிலில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும்: டபிள்யூகெட் கட்டளை பையிலிருந்து படத்தை எடுக்கும், ஈப்ஸ் கட்டளை திரையைத் துடைத்து அதை வரையும். துடைக்காமல் வரைந்தால் பழைய எழுத்தின் நிழல் தங்கும். உறக்கத் திரையையும் நிறுத்திவையுங்கள்.

பிற்சேர்க்கை: கரண்ட் போனால்?

செய்து பார்த்தவர்கள் கேட்ட கேள்வி இது. மின்தாளுக்குப் படம் மாறும்போது மட்டும்தான் மின்சாரம் வேண்டும். பை நின்றாலும் கடைசிப் படம் அப்படியே இருக்கும். காலையில் வந்த 20 மில்லிமீட்டர் ராத்திரியும் புதிது போலத் தெரியும். அடைமழையில் இது ஆபத்து. புதுப்பித்த நேரத்தை மேலே பெரிதாகப் போடுங்கள். ‘பழைய தகவல்’ என்று எழுதிய ஒரு படத்தைக் கிண்டிலிலேயே வைத்து, புதுப் படம் கிடைக்காவிட்டால் அதை வரையும்படி ஸ்கிரிப்டை மாற்றுங்கள். கிண்டிலுக்குச் சொந்த பற்றரி இருப்பதால் கரண்ட் இல்லாத நேரத்திலும் இது வேலை செய்யும்.