டெஸ்க்டாப் ஆன் ஆகவே இல்லையா? எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) வாங்கக் கிளம்பும் முன் ஊதா வயரைப் பாருங்கள்

பவர் பட்டனை அமுக்கினால் ஒன்றுமே நடக்கவில்லை: ஃபேன் சுற்றவில்லை, லைட் இல்லை, பீப் இல்லை. இந்தப் பதிவு அந்த நிலைமைக்கு மட்டும். ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, மானிட்டர்தான் கறுப்பாக இருக்கிறது என்றால் அது வேறு நோய், ரேமைக் கழற்றி ரப்பரால் துடைத்து மாட்டுகிற வைத்தியம் அதற்குத்தான். கரண்டே ஏறாத மெஷினில் உட்கார்ந்து துடைத்தால் ரேம் பளபளக்கும், அவ்வளவுதான்.

கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு ஜெம் கிளிப், ஒரு மல்டிமீட்டர் வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற மஞ்சள் நிற மீட்டரே போதும், ஆனால் அதை வைத்துக்கொண்டு சுவர் பிளக்கில் 230 வோல்ட் அளக்கப் போகாதீர்கள். நாம் அளக்கப்போவதெல்லாம் 5 வோல்ட்டும் அதற்குக் கீழேயும்தான். எஸ்எம்பிஎஸ் டெஸ்டர் என்று எல்சிடி வைத்த குட்டிப் பெட்டி ஒன்று ஆன்லைனில் விற்கிறது, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, காரணம் கீழே வரும்.

சுவர் முதல் கேபினட் வரை

யுபிஎஸ், ஸ்பைக் பஸ்டர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு கேபினட்டை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள். பேட்டரி செத்த யுபிஎஸ் சில சமயம் லைட்டை மட்டும் காட்டிவிட்டு வெளியே ஒன்றும் தராது. பிளக்கில் கரண்ட் வருகிறதா என்று பார்க்க மொபைல் சார்ஜரைச் செருகாதீர்கள், அது 100 வோல்ட் இருந்தாலே வேலை செய்கிற ஜென்மம். டேபிள் ஃபேனை மாட்டிப் பாருங்கள், லூஸ் கனெக்‌ஷனோ லோ வோல்டேஜோ இருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் பவர் கார்டு. மானிட்டருக்குப் போகிற கார்டும் பெரும்பாலும் அதே வகைதான், மாற்றிச் செருகினால் விஷயம் தெரிந்துவிடும். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கம் உள்ள சுவிட்ச் கோடு போட்ட பக்கம் அமுங்கி இருக்க வேண்டும், வட்டம் போட்ட பக்கம் என்றால் ஆஃப். வீடு பெருக்கும்போது கைபட்டு ஆஃப் ஆவது சாதாரணமாக நடக்கிற விஷயம். பழைய எஸ்எம்பிஎஸ்களில் 115, 230 என்று மாற்றுகிற சிவப்புச் சுவிட்ச் ஒன்று இருக்கும், அதை 230-ஐ விட்டு நகர்த்தவே வேண்டாம். 115-இல் வைத்து நம் ஊர் கரண்டைக் கொடுத்தால் பட்டென்று வெடிக்கும்.

சரி, இதெல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றால் கார்டைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை ஒரு அரை நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். இடி மின்னலுக்குப் பிறகோ, கரண்ட் போய்ப் போய் வந்த பிறகோ அடம்பிடிக்கிற மெஷின்கள் பல இதிலேயே எழுந்துவிடும். மதர்போர்டில் இருக்கிற காசு மாதிரியான சிஆர்2032 பேட்டரி தீர்ந்தால்கூடச் சில போர்டுகள் முரண்டு பண்ணும், மலிவான விஷயம், மாற்றிவிடுங்கள்.

பட்டனையே நம்பாதீர்கள்

முன்பக்கப் பட்டன் என்பது இரண்டு வயரை ஒரு நொடி ஒட்டவைக்கிற வேலையைத்தான் செய்கிறது. மதர்போர்டின் கீழ் மூலையில் இரண்டு வரிசையாக 9 பின்கள் இருக்கும், பத்தாவது இடம் காலி. பெரும்பாலான போர்டுகளில், அந்தக் காலி இடம் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில் அதற்கு அடுத்தாற்போல் இருக்கிற இரண்டு பின்கள்தான் பவர் சுவிட்ச். உங்கள் போர்டிலும் அப்படித்தானா என்று பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பட்டனின் கனெக்டரை உருவிவிட்டு, பவர் கார்டு மாட்டிய நிலையில், ஸ்க்ரூடிரைவர் நுனியால் அந்த இரண்டை மட்டும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். காலி இடத்துக்கு நேர் எதிரே இருக்கிற பின்னில் 5 வோல்ட் வரலாம், அதை உரசிவிட வேண்டாம்.

கை நடுங்குகிறவர்களுக்கு இன்னொரு வழி. ரீசெட் பட்டனின் கனெக்டரை உருவி பவர் பின்களில் செருகிவிட்டு ரீசெட்டை அமுக்குங்கள். இரண்டும் ஒரே மாதிரிச் சுவிட்ச்தான், எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் பரவாயில்லை. மெஷின் எழுந்துவிட்டால் பட்டன்தான் போயிருக்கிறது. அப்படியே விட்டுவிடுங்கள், ரீசெட்டை இனிமேல் யார் அமுக்கப்போகிறார்கள்?

ஜெம் கிளிப், அதன் பிறகு ஊதா வயர்

யூடியூபில் எல்லோரும் சொல்கிற சோதனை இது. கார்டைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டிலிருந்து 24 பின் கனெக்டரைக் கழற்றி, பச்சை வயர் இருக்கும் துளையையும் பக்கத்தில் உள்ள கறுப்பு வயர் துளையையும் வளைத்த ஜெம் கிளிப்பால் இணைத்துவிட்டு, அப்புறம் கரண்ட் கொடுப்பது. எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுற்றினால் எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது, கோளாறு மதர்போர்டில் என்று முடித்துவிடுவார்கள். சுற்றாவிட்டால் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்பது பெரும்பாலும் சரி. லோடு இல்லாமல் ஓடாத ரகமாக இருக்கலாம், ஒரு பழைய ஹார்டு டிஸ்கை மாட்டிவிட்டுப் பாருங்கள். ஆனால் சுற்றினால் நன்றாக இருக்கிறது என்பது சரியில்லை. என் மெஷின் என்னைச் சுற்றவிட்டது இந்த இடத்தில்தான். ஜெம் கிளிப்புக்கு ஃபேன் ஜம்மென்று சுற்றியது, சர்வீஸ் கடையில் போர்டு போய்விட்டது என்று சொல்லி புது போர்டுக்கு விலையும் போட்டுவிட்டார்கள். போர்டு இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் உண்மையில் இரண்டு சப்ளை இருக்கிறது. 12, 5, 3.3 வோல்ட் தருகிற பெரியது ஒன்று. மெஷின் ஆஃபில் இருக்கும்போதும், சுவரில் சுவிட்ச் ஆனில் இருக்கிற வரை இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கிற 5 வோல்ட் ஸ்டாண்ட்பை இன்னொன்று. ஊதா வயர் அதுதான். பவர் பட்டன் அமுங்கியதை மதர்போர்டு உணர்வதற்கே அந்த 5 வோல்ட் வேண்டும். ராத்திரி பகல் ஓடுவதால் அதில் உள்ள சின்ன கெப்பாசிட்டர்கள் சூட்டில் காய்ந்து முதலில் சாகும். எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியே கழற்றி அளந்தால் 5 வோல்ட் அப்படியே காட்டும், மதர்போர்டில் மாட்டிக் கொஞ்சம் லோடு ஏறியதும் உட்கார்ந்துவிடும். ஜெம் கிளிப் சோதனைக்கு இது தெரியவே தெரியாது, அந்த எல்சிடி பெட்டியும் போர்டைக் கழற்றிவிட்டுத்தானே பார்க்கிறது.

ஆகவே எல்லாவற்றையும் மறுபடி மாட்டுங்கள். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனையை, சும்மா தொங்குகிற ஹார்டு டிஸ்க் கனெக்டர் ஒன்றின் கறுப்பு வயர் துளையில் செருகுங்கள். சிவப்பு முனையை, போர்டில் மாட்டியிருக்கிற 24 பின் கனெக்டரின் முதுகுப்பக்கமாக, ஊதா வயர் நுழைகிற ஓட்டையில் வயரை ஒட்டி உள்ளே விடுங்கள். உலோகம் தட்டுப்படும் வரை போக வேண்டும், முனை மொத்தமாக இருந்தால் ஒரு தையல் ஊசியைச் சேர்த்துப் பிடிக்கலாம். 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் காட்ட வேண்டும். என்னுடையது மூன்றரைக்கு வந்து நின்றது. காலையில் ஆன் ஆகாது, சுவிட்சைப் போட்டு ஒரு பத்து நிமிடம் விட்டால் ஆன் ஆகும் என்று உங்கள் மெஷின் சில மாதங்களாக அடம்பிடித்துக்கொண்டிருந்ததா? அப்படியானால் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம், சூடேறினால் காய்ந்த கெப்பாசிட்டர் கொஞ்சம் உயிர்பெறும்.

எஸ்எம்பிஎஸ் பலவீனமா, அல்லது போர்டில் ஷார்ட் இருந்து அது கரண்டை இழுக்கிறதா என்ற சந்தேகம் வரும், வர வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் 10 ஓம் 5 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் சில ரூபாய்க்குக் கிடைக்கும். எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகக் கழற்றி, ஊதாவுக்கும் கறுப்புக்கும் நடுவில் அதை மாட்டி அளந்து பாருங்கள். அது அரை ஆம்பியர்தான் இழுக்கும், நல்ல ஸ்டாண்ட்பை 2 ஆம்பியர் வரை தாங்கும். அரை ஆம்பியருக்கே 4.75-க்குக் கீழே விழுந்தால் பேச்சே இல்லை, எஸ்எம்பிஎஸ்தான். ரெசிஸ்டர் சூடாகும், கையில் பிடிக்காதீர்கள்.

ஊதா சரியாக இருக்கிறது, அப்பவும் ஆன் ஆகவில்லை என்றால் அதே மாதிரி பச்சை வயரைப் பாருங்கள். மெஷின் ஆஃபில் இருக்கும்போது அதில் 3 முதல் 5 வோல்ட் வரை ஏதோ ஒன்று நிற்கும். பட்டனை அமுக்கியதும் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும், எஸ்எம்பிஎஸ்ஸைப் பார்த்து மதர்போர்டு எழுந்திரு என்று சொல்வது அப்படித்தான். இறங்கவே இல்லை என்றால் சொல்ல வேண்டியது சொல்லவில்லை, போர்டில் கோளாறு. இறங்கியும் எஸ்எம்பிஎஸ் அசையவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ் கோளாறு, அல்லது எங்கோ ஷார்ட் இருப்பதைப் பார்த்து அது தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

ஃபேன் ஒரு துடி துடித்து நின்றால்

பெரும்பாலும் அது ஷார்ட்தான். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்: கிராபிக்ஸ் கார்டு, டிஸ்க்குகள், முன்பக்க யுஎஸ்பி கேபிள். முன்பக்க யுஎஸ்பி ஓட்டையில் உள்ளே வளைந்த தகடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், பென்டிரைவைத் தலைகீழாகச் செருகிப் பழக்கமுள்ள குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும். கடைசியாக பிராசசர் பக்கத்தில் மாட்டியிருக்கிற 4 அல்லது 8 பின் 12 வோல்ட் கனெக்டரை மட்டும் உருவிவிட்டு ஆன் செய்யுங்கள். இப்போது ஃபேன் நிற்காமல் சுற்றினால் பிராசசருக்கு மின்சாரம் தருகிற மாஸ்ஃபெட்டுகளில் (போர்டில் உள்ள சின்ன மின்னணு சுவிட்சுகள்) ஒன்று ஷார்ட் ஆகியிருக்கலாம். அதற்கு மேல் சிப் லெவல் சர்வீஸ் செய்கிறவரிடம்தான் போக வேண்டும்.

எஸ்எம்பிஎஸ்தான் என்று முடிவானால் அதைத் திறந்து கெப்பாசிட்டர் மாற்றலாமே என்று தோன்றும். ஆரம்பிக்கிறவர்கள் வேண்டாம். உள்ளே இருக்கிற பெரிய கெப்பாசிட்டரில் 320 வோல்ட் அளவுக்கு டிசி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில சமயம் நிற்கும். புதியது வாங்கும்போது கேபினட்டோடு இலவசமாக வருகிற எடை இல்லாத எஸ்எம்பிஎஸ் மட்டும் வேண்டாம், 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டினால் 450 வாட் வந்துவிடாது. ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள், அதை 12-ஆல் பெருக்கினால் வருவதுதான் ஏறக்குறைய உண்மையான வாட். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி ஸ்ட்ரீட் போனால் பில்லும் வாரண்டியும் கேட்டு வாங்குங்கள்.

பின்சேர்க்கை: என் எஸ்எம்பிஎஸ்ஸில் எல்லா வயரும் கறுப்பு, எது பச்சை, எது ஊதா என்று கேட்டிருந்தார்கள். 24 பின் கனெக்டரில் ஒரே ஒரு துளை வயர் இல்லாமல் காலியாக இருக்கும். அந்த வரிசையில் அதற்கு ஒரு பக்கம் 7 பின்கள், மறுபக்கம் 4 பின்கள். 7 இருக்கிற பக்கமாக எண்ணினால் முதல் மூன்றும் கிரவுண்டு (மேலே கறுப்பு என்று சொன்னது), நான்காவது பச்சை. 4 இருக்கிற பக்கம் காலித் துளைக்கு முதலில் வருகிற பின்னுக்கு நேர் எதிரே, அடுத்த வரிசையில் இருப்பது ஊதா.

இன்னொரு பின்சேர்க்கை: டெல், எச்பி, லெனோவோ போன்ற கம்பெனி மெஷின்கள் பலவற்றில் 24 பின்னே இல்லாமல் 6, 8 பின் கனெக்டர்கள் இருக்கும். அவற்றில் வயர் நிறமும் வோல்டேஜும் வேறு, பலவற்றில் 12 வோல்ட் மட்டும்தான் வரும், ஆகவே ஜெம் கிளிப், ஊதா, பச்சை எதுவும் அங்கே செல்லாது. டெல் ஆப்டிபிளெக்ஸ் பலவற்றில் எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கம் ஒரு சின்னப் பட்டனும் பச்சை லைட்டும் இருக்கும். போர்டுக்குப் போகிற கேபிள்களைக் கழற்றிவிட்டு அதை அமுக்கியும் லைட் எரியவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள். எரிந்தால் கேபிள்களைத் திரும்ப மாட்டிவிட்டு இன்னொரு முறை அமுக்குங்கள், இப்போது அணைந்தே இருந்தால் போர்டிலோ அதில் மாட்டியிருக்கிற ஒன்றிலோ ஷார்ட் தேட ஆரம்பிக்கலாம்.